மணிக்கட்டில் ஏறிய புகை

"இப்பவே மோந்து பார்க்காதீங்க சார், அரை மணி நேரம் போகட்டும். உங்க ஸ்கின்ல செட் ஆனதும் வேற மாதிரி ஆயிடும்." சென்ட் கடைகளில் அடிக்கடி காதில் விழும் இந்தப் பேச்சில் பாதி உண்மை. பொறுக்கச் சொல்வது சரி. ஆனால் தோலில் பட்டதும் அது வேறொன்றாக ஆகிவிடுகிறது என்பது அவ்வளவு சரியில்லை. தெளித்த வாசனையில் புதிதாக முளைப்பது மிகமிகக் குறைவு. உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன, அவ்வளவுதான். எது முதலில் கிளம்புகிறது, எது கடைசிவரை குந்தியிருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதிலும் 'ஆண்களுக்கானது' என்று விற்கப்படும் கரிய, புகைமூட்டமான, லெதர் நெடி வீசும் சென்ட்டுகளில் இந்தப் புறப்பாடு தனிச் சுவை. அவற்றில் பலவற்றின் தொடக்கமும் முடிவும் ஒரே வேதியியல் குடும்பம்.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கில் தொடங்கிய லே லாபோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'பச்சௌலி 24'. செய்தவர் பிரான்ஸின் வாசனை வல்லுநர் அன்னிக் மெனார்தோ. 1998இல் புல்காரி நிறுவனத்துக்காக, ரப்பரும் புகையூட்டிய தேயிலையும் மணக்கும் 'பிளாக்' என்ற சென்ட்டைச் செய்தவரும் இவரே. பெயரில் உள்ள 24, கலவையில் சேர்ந்த பொருள்களின் எண்ணிக்கை. பச்சௌலி என்ற வாசனைச் செடியின் பெயரை வைத்துவிட்டார்களே தவிர, மூக்கில் முதலில் அடிப்பது அதுவல்ல, பிர்ச் மரப்பட்டைத் தார். கடைசியில் கையில் மிஞ்சுவது வெனிலா. பச்சௌலி வாசனையை நம்பி வாங்கியவர்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

தாரைச் சென்ட்டில் போடுவதா என்று கேட்கலாம். பிர்ச் என்பது ரஷ்யாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் காடுகாடாக வளரும் வெள்ளைப் பட்டை மரம். அதன் பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சூடேற்றினால் எரிவதற்கு ஆக்சிஜன் கிடைக்காது. பட்டை சிதைந்து, கறுத்த பிசுபிசுப்பான திரவமாகக் கீழே சொட்டும். நம் சித்த மருத்துவத்தில் குழித்தைலம் இறக்குவது இதே முறைதான். அடியில் துளையிட்ட பானையில் தேங்காய்ச் சிரட்டையை நிரப்பி, குழிக்குள் இருக்கும் இன்னொரு பானையின் மேல் அதை உட்காரவைத்து, சுற்றி வறட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். கீழ்ப் பானையில் சிரட்டைத் தைலம் சேரும். படர்தாமரைக்குப் போடுவார்கள். அந்தத் தைலத்தை மோந்து பார்த்தவர்களுக்குப் பிர்ச் தாரின் வாசனையை விளக்க வேண்டியதில்லை. கரி, கிருமிநாசினி, சுட்ட மரம் எல்லாம் அதில் இருக்கும்.

இது பழைய தொழில்நுட்பம். எவ்வளவு பழையது என்றால், இத்தாலியின் காம்பித்தெல்லோவில் கிடைத்த கற்கருவிகளில் ஒட்டியிருந்த பிர்ச் தார் சுமார் 2,00,000 ஆண்டுப் பழமையானது. காய்ச்சியவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். கல்லைக் கைப்பிடியில் ஒட்டுவதற்கான பசை அது. பிற்காலத்தில் ரஷ்யர்கள் இதே தாரின் எண்ணெயைப் பதனிட்ட தோலில் ஊற்றித் தேய்த்தார்கள். தண்ணீர் ஊறாது, பூச்சி அண்டாது. 'ரஷ்ய லெதர்' என்று ஐரோப்பாவெங்கும் பெயர் வாங்கிய சரக்கு அது. அதன் பெருமையில் பாதி அந்த நெடிதான்.

அந்த லெதருக்கு நேர்ந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1786 டிசம்பரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'மெட்டா கத்தரீனா' என்ற கப்பல், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு அருகே புயலில் மூழ்கியது. சரக்கில் கட்டுக்கட்டாகக் கலைமான் தோல், எல்லாம் ரஷ்ய லெதர். 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, இருநூறு ஆண்டுக்குச் சற்றே குறைவாகக் கடலடிச் சேற்றில் புதைந்துகிடந்த தோல்களில் பல இன்னும் வெட்டித் தைக்கும் நிலையில் இருந்தன. அவற்றில் செய்த பைகளும் காலணிகளும் பிறகு விற்பனைக்கே வந்தன. மரப்பட்டைப் பதனும் பிர்ச் எண்ணெயும் சேர்ந்து காத்த காவல் அது. 1920களில் பாரிஸிலும் வியன்னாவிலும் ஒன்றன்பின் ஒன்றாக லெதர் வாசனைச் சென்ட்டுகள் வந்தபோது, அவை நினைவுபடுத்த முயன்றது இந்த ரஷ்ய லெதரின் மணத்தைத்தான்.

இனிப் புகைக்குள் போவோம். மரத்தைக் கெட்டியாக நிறுத்திவைப்பது லிக்னின் என்ற பொருள். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்குக்கும் மேல்வரை அதுதான். சூட்டில் லிக்னின் உடையும்போது சிறு சிறு துண்டுகள் பறக்கின்றன. அவற்றில் முதன்மையானது குவாயகால். ஒரு பென்சீன் வளையம், அதில் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொம்பு, பக்கத்திலேயே ஒரு மெத்தாக்சி கொம்பு. அவ்வளவுதான் அதன் உடம்பு. விறகடுப்பின் மணம், சுட்ட மீனின் மணம், வறுத்த காபிக்கொட்டையின் மணத்தில் ஓர் இழை, எல்லாவற்றிலும் இந்தக் குவாயகால் இருக்கிறது.

இந்த வளையத்தில் மூன்றாவதாக ஒரு கொம்பு முளைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. குறிப்பிட்ட மூலையில் மூன்று கார்பன் கொண்ட வால் ஒன்றை ஒட்டினால் அது யூஜினால், அதாவது கிராம்பின் மணம். அதே மூலையில் ஆல்டிஹைடு என்ற சிறு தொகுதியை ஒட்டினால் வெனிலின். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் நாம் அறிந்த வெனிலா மணம். இது கற்பனைக் கணக்கு அல்ல. வெனிலினை 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரச் சாற்றிலிருந்து எடுத்த ஒரு பொருளைக்கொண்டு முதன்முதலில் செயற்கையாகச் செய்தார்கள். இரண்டே ஆண்டில் ரைமர் என்பவர் குவாயகாலிலிருந்தே அதைச் செய்து காட்டினார். இன்றும் உலகச் சந்தையில் புழங்கும் வெனிலினில் பெரும்பகுதி குவாயகாலிலிருந்துதான் வருகிறது. கருகிய மரமும் பிறந்தநாள் கேக்கும் பங்காளிகள். மெனார்தோ தாரில் தொடங்கி வெனிலாவில் முடித்தாரே, அந்தக் கலவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, காலையில் மணிக்கட்டில் தெளிப்போம். முதலில் சில்லென்று இருக்கும். அது வாசனை இல்லை, எத்தனால். தெளிக்கும் சென்ட்டுகளில் பொதுவாகப் பெரும்பங்கு அதுதான். 78 டிகிரியில் கொதிக்கும் அது, உடல் சூட்டிலேயே ஒரு நிமிடத்துக்குள் ஏறக்குறையப் போய்விடும், போகும்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த வேகத்தில் மற்றவற்றையும் கொஞ்சம் கிளப்பிவிடுவதால், முதல் நொடிகளில் மூக்கை நெருக்கமாக வைத்தால் குத்தும். அப்புறம் தார் எழும்பும். முதலில் மருந்துக்கடை நெடி, பிறகு கருகிய பட்டை, அதற்குள் எங்கோ பன்றி இறைச்சிக்கு ஊட்டும் புகை. பச்சௌலி 24ஐ முதன்முறை தெளித்துக்கொண்டவர் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்காரும் கட்டம் இது. ஒரு மணி நேரம் கழிந்தால் கூர்மை மழுங்கி லெதர் தெரியும். மதியச் சாப்பாட்டு வாக்கில் பச்சௌலியின் ஈர மண் வாடை தலைகாட்டும். சாயங்காலம் கையை முகத்தருகே கொண்டுபோனால் வெனிலா, அதன் ஓரத்தில் மட்டும் லேசான கருகல்.

கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு பஸ் பிடிக்கப் போகிறவர் ஒரு ரகம், இரண்டாம் பந்திவரை இருப்பவர் ஒரு ரகம், பந்தல் பிரிக்கும்வரை இருந்து பாத்திரம் எண்ணுகிற சித்தப்பா ஒரு ரகம். வாசனை மூலக்கூறுகளும் அப்படித்தான். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் 176 டிகிரியில் கொதிக்கும். குவாயகால் 205, யூஜினால் 254, வெனிலின் 285. சாதாரண வெப்பத்தில் லிமோனினின் ஆவியழுத்தம் வெனிலினைப் போலப் பத்தாயிரம் மடங்கு அளவுக்கு இருக்கும். எடை குறைந்தது முதலில் பறக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது முழுக்கச் சரியல்ல. லிமோனினைவிடக் குவாயகால் எடை குறைந்தது, ஆனாலும் பின்னால்தான் கிளம்புகிறது. அதன் ஆக்சிஜன் கொம்புகள் பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்து இழுத்துவைத்துக்கொள்கின்றன. எடையோடு ஒட்டுதலையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்தால் ஒரு கேள்வி எழ வேண்டும். 205 டிகிரிக் குவாயகால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிட வேண்டாமா? புகை எப்படிச் சாயங்காலம்வரை ஓரத்தில் நிற்கிறது? ஒரு காரணம், தார் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. குவாயகாலுக்குப் பின்னால் அதே பீனால் இனத்தைச் சேர்ந்த, அதைவிடக் கனமான, சோம்பேறித்தனமான பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னொன்று, கூட்டத்தில் இருக்கும் மூலக்கூறு தனியாக இருக்கும்போது பறப்பதுபோலப் பறப்பதில்லை. பிசின்கள், பச்சௌலி எண்ணெய், வெனிலின் போன்ற கனமானவற்றில் கரைந்துகிடக்கும்போது, மேற்பரப்பில் அதற்குக் கிடைக்கும் இடம் தன் பங்கு அளவுக்குத்தான். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் ரவூல் வகுத்த விதி இது. வாசனைத் தொழிலில் 'ஃபிக்ஸேட்டிவ்' என்று சொல்லப்படும் பொருள்கள் பலவற்றின் மாயமும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நம் மூக்கு குவாயகாலை மிகச் சொற்ப அளவிலேயே பிடித்துவிடும். தண்ணீரில் நூறு கோடியில் சில பங்கு இருந்தால் போதும், பலருக்குத் தெரிந்துவிடும். ஒயின் தோட்டக்காரர்கள் இதைக் கசப்போடு அறிவார்கள். 2020இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது திராட்சைக்குள் குவாயகாலும் அதன் உறவுகளும் புகுந்துகொண்டன. புகை நெடி அடிக்கும் ஒயினை யார் வாங்குவார்கள் என்று நாபா பள்ளத்தாக்கில் பலர் அந்த ஆண்டு அறுவடையையே கைவிட்டார்கள். ஆக, ஒரு பொருள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த மிச்சம் மூக்குக்கு எட்டும் எல்லைக்கு மேலே இருக்கிறதா என்பது வேறு கணக்கு. புகை இரண்டாவது கணக்கில் ஜெயிக்கிறது.

இந்தப் புறப்பாட்டு வரிசையை முதலில் பொறுமையாக அட்டவணை போட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஆர்தர் பௌச்சர். இங்கிலாந்தின் யார்ட்லி நிறுவனத்தில் நெடுங்காலம் வாசனை வல்லுநராக இருந்தவர். விடுமுறையில் மலையேறிப் படம் எடுத்து வழிகாட்டி நூல்கள் எழுதியதால் மலையேறிகள் நடுவே வேறு காரணத்துக்காகப் புகழ்பெற்றவர். 300க்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்களைக் காகிதப் பட்டையில் தொட்டுவைத்து, எத்தனை நாளில் மணம் அடங்குகிறது என்று மோந்து மோந்து, 1 முதல் 100 வரை எண் கொடுத்து 1955இல் வெளியிட்டார். ஒரு நாளுக்குள் போய்விடுவது 1. பச்சௌலி, ஓக் மரப்பாசி போன்றவை 100. டாப் நோட், மிடில் நோட், பேஸ் நோட் என்று இன்று விற்பனைப் பெண்கள் ஒப்பிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. ஆனால் அது காகிதத்தில் பார்த்த கணக்கு.

தோல் காகிதம் இல்லை. அதன் மேற்பரப்பு 32, 33 டிகிரிச் சூட்டில் இருக்கும். ஏசி கடையில் நீட்டப்படும் காகிதப் பட்டை அதைவிடக் குளிர்ந்தது. வெப்பம் பத்து டிகிரி ஏறினாலே பல வாசனைப் பொருள்களின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதனால் கையில் எல்லாமே வேகமாக நடக்கும். இன்னொரு பக்கம், தோலின் மேலடுக்கில் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய்ப் பசை உள்ள தோல் மூலக்கூறுகளைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். வறண்ட தோலில் சென்ட் நிற்கவில்லை என்பவர்கள், தெளிப்பதற்கு முன் மணமில்லாத க்ரீம் கொஞ்சம் தடவிப் பார்க்கலாம். சில மூலக்கூறுகள் காற்றில் ஏறாமல் தோலுக்குள் இறங்கியும் போகின்றன. பொதுவாக 500 டால்டன் எடைக்குக் குறைந்தவை தோலின் தடுப்பைத் தாண்டும் என்பது மருந்தியலில் புழங்கும் விதி. சென்ட்டில் இருப்பவை பெரும்பாலும் அதில் பாதிகூட வராது.

இத்தனையும் வேகத்தையும் அளவையும் மாற்றும். வாசனையின் அடையாளத்தை மாற்றுமா? "உங்க பிஹெச்சுக்குத் தகுந்த மாதிரி மாறும்" என்பார்கள். பிஹெச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, நல்ல தோலில் பெரும்பாலும் 4.5க்கும் 6க்கும் நடுவே இருக்கும். குவாயகால் தன் ஹைட்ரஜனை உதறி வேறு வடிவம் எடுக்க வேண்டுமானால் பிஹெச் 10ஐ நெருங்க வேண்டும். வெனிலினுக்கு ஏழுக்கு மேல். சோப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்தபடி யாரும் சென்ட் போடுவதில்லை. எஸ்டர் வகைப் பொருள்கள் சிலவற்றைத் தோலின் நொதிகள் மெல்ல உடைக்கும் என்பது உண்மை. ஆனால் புகை வாசனையின் அடிப்படையான பீனால்களுக்கு இந்த பிஹெச் கதை ஒட்டாது. மணிக்கட்டை மணிக்கட்டோடு தேய்த்தால் மூலக்கூறு 'உடைந்துவிடும்' என்பதும் அந்த ரகம்தான். தேய்த்தால் சூடேறும், பரவும், முதலில் கிளம்ப வேண்டியவை இன்னும் சீக்கிரம் கிளம்பும். வேதிப் பிணைப்பை உடைக்கக் கை வலு போதாது.

பிறகு ஏன் ஒரே சென்ட் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகத் தெரிகிறது? தோலைத் துருவுவதை நிறுத்தி மூக்கைப் பார்க்க வேண்டும். மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. ஜோயல் மெயின்லாந்தும் கூட்டாளிகளும் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களின் ஏற்பி மரபணு வடிவங்களில் 30 சதவீதத்துக்கும் மேல் செயலளவில் வேறுபடுகின்றன. அதே ஆய்வில் நம் கதைக்கு நேரடியாக உதவும் ஒரு செய்தி இருக்கிறது. OR10G4 என்ற ஏற்பி குவாயகாலைக் கூர்மையாகப் பிடிக்கிறது. அதன் மரபணு வடிவத்தைக்கொண்டே, குவாயகால் எவ்வளவு கடுமையாகத் தெரிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 15 சதவீதத்துக்கு மேல் விளக்கிவிடலாம். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதில் 10 சதவீதத்துக்கு மேல். வெனிலினும் அதே ஏற்பியைத் தட்டுகிறது, ஆனால் பலவீனமாக. அதை உணர்வதில் இந்த மரபணு வேறுபாடு எதையும் விளக்கவில்லை. அதாவது, பச்சௌலி 24இன் சாயங்காலத்தில் ஒத்துப்போகிற இருவர் அதன் காலையில் சண்டை போடலாம். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஒரே மூக்கும் நேரத்துக்கு நேரம் மாறும். தொடர்ந்து வரும் வாசனையை ஏற்பிகளும் மூளையும் சில நிமிடங்களிலேயே ஓரங்கட்டிவிடும். புகை போய்விட்டது என்று நீங்கள் நினைத்து மறுபடி தெளிக்கும்போது, லிஃப்டில் உடன் வருபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். கடைகளில் நடுநடுவே மோந்து பார்க்கக் காபிக்கொட்டை வைத்திருப்பார்களே, 2011இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில் அது வெறும் காற்றைவிட எந்த வகையிலும் உதவவில்லை என்று தெரிந்தது. வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவது போதும்.

கடைசியாக அந்த 'ஆண் வாசனை' விவகாரம். வியன்னாவின் தையல் கடையான க்னீஸே, ஆண் வாடிக்கையாளர்களுக்காக 1924இல் கொண்டுவந்த 'க்னீஸே டென்' லெதர் வாசனைதான். சேணம், சுருட்டு, தையல் கடை என்று ஐரோப்பியப் பணக்கார ஆண்களின் உலகத்தோடு புகை ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஆனால் 1944இல் ஜெர்மேன் செல்லியே என்ற பெண் வல்லுநர், அதே லெதர் நெடியை உரத்த குரலில் ஒலிக்கச் செய்த 'பாந்தி' பெண்களுக்கான சென்ட். சங்கப் பாடல்களில் அகிற்புகை ஊட்டியது பெண்களின் கூந்தலுக்கு. இன்றும் எண்ணெய்க் குளியலுக்குப் பின் குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி காட்டும் வீடுகள் பல. அந்தச் சாம்பிராணிப் பிசினிலும் கொஞ்சம் வெனிலின் உண்டு. புகைக்கு ஆண் பெண் இல்லை. பெட்டியில் அச்சடித்தவர்களுக்குத்தான் உண்டு.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வீட்டில் காய்ச்சியதோ, மூலம் தெரியாததோ ஆன பிர்ச் தாரைக் கையில் தடவாதீர்கள். சுத்திகரிக்காத தாரில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் இருக்கும். அதனால்தான் சர்வதேச வாசனைப் பொருள் சங்கம் சுத்திகரித்ததை மட்டுமே, அதுவும் கடும் வரம்போடு, அனுமதிக்கிறது. புட்டியில் வரும் சென்ட் என்றால், காகிதப் பட்டையை மோந்துவிட்டுக் காசை எண்ணாதீர்கள். ஒரே ஒரு தெளிப்பு, மணிக்கட்டில். கடையை விட்டு வெளியே வாருங்கள், வெயிலில் நடங்கள், சாயங்காலம்வரை பொறுங்கள். உங்கள் மூக்கை மட்டும் நம்பாமல், கூட இருக்கப்போகிறவரிடம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கையை நீட்டிக் கேளுங்கள். இரண்டு வேளையும் சரி என்று அவர் சொன்னால் வாங்கலாம். வாங்கிய பிறகும், சென்னை மே மாதத்தில் இரண்டாவது தெளிப்பு வேண்டவே வேண்டாம்.